ஆடிச்சீராக ஓர் ஆறு

அன்பு மகனே,

உன்னையும் தேன்மொழியையும் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் தஞ்சாவூர் வந்து சேர்ந்தோம். நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. காலையில் நான் ஊட்டாத குறையாக வைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவன் நலமாகத்தான் இருப்பாய். உன் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "புள்ளை இன்னும் சிங்கப்பூர்ல இறங்கியிருக்க மாட்டான், அதுக்குள்ள என்ன எழுத்து? போன்ல சொன்னா ஆகாதா?" என்கிறார். போனில் சொன்னால் நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா? கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

விமான நிலையத்து வாசலில் பெட்டியை இறக்கும்போது நீ கேட்டாய்: "எப்படிம்மா நம்ம ஆறு இப்படி மாறிச்சு? அரசாங்கத்துல ஏதாச்சும் பெரிய திட்டமா?" நான் சிரித்துவிட்டு, "சீக்கிரம் உள்ள போ, கேட்டை மூடிடப் போறான்" என்று உன்னைத் தள்ளி அனுப்பினேன். பதில் தெரியாமல் இல்லை. ஆடிப்பெருக்கு முடிந்து நீங்கள் இருவரும் விமானம் ஏறும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். என்னைப் போன்ற வாய்க்காரி ஒரு விஷயத்தை இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது பெரிய சாதனை. நீங்கள் ஏறிவிட்டீர்கள். இனி சொல்லலாம்.

வடவாறு எப்படிக் கிடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட பஸ் பாலத்தை நெருங்கும்போதே பிள்ளைகள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஜன்னலைச் சாத்துவீர்கள். நகரத்துக்கு மேற்கே இருந்த அவியல் ரைஸ் மில்களில் புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்து வடித்த தண்ணீர் நாள் கணக்கில் புளித்து, பழுப்பாக நுரைத்துக்கொண்டு நம் படித்துறைக்கு வந்து நிற்கும். அதன்மேல் உமிச்சாம்பல் கறுப்பாகப் படிந்திருக்கும். நான் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனபோது எல்லாரும் இனி கோயில் குளம் என்று போகச் சொன்னார்கள். எனக்குக் கையில் விசில் இல்லாமல் பொழுது போகாது. தெருவில் தையல் கடை வைத்திருக்கும் மும்தாஜும் நானும் இன்னும் சிலரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படித்துறையைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தோம். நாங்கள் அள்ள அள்ள மேற்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மில் வாசலில் நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்து, மூச்சு முட்ட விசில் ஊதினேன். உள்ளேயிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம்தான் நீ தேன்மொழியைப் பற்றி வீட்டில் சொன்னாய். பெண்ணின் அப்பா என்ன பண்ணுகிறார் என்று கேட்டதற்கு, "பிசினஸ்" என்றாய். பூதலூர் பக்கத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள் என்றாய். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பெண் கேட்கப் போனோம். வாசலில் நின்று வரவேற்ற பெரிய மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கையை இறக்க மறந்துவிட்டார். "நீங்க... அந்த விசிலு டீச்சர்தானே?" என்றார். நான் விசில் ஊதிய மில்லின் முதலாளி! உன் அப்பா பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். நீயோ தேன்மொழி எந்த அறையில் இருக்கிறாள் என்று திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று இரவு நீ என்னிடம் கெஞ்சியது நினைவிருக்கிறதா? "அம்மா, கல்யாணம் முடியிற வரைக்கும் அந்த விசிலை எடுக்காதம்மா, ப்ளீஸ்." எடுக்கவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகும் எடுக்க முடியவில்லை, அதுதான் வேடிக்கை. சம்பந்தி வீட்டு வாசலில் போய் யாராவது அட்டை பிடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை படித்துறைக்குப் போனால் மும்தாஜ் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பாள், "என்னக்கா, சம்பந்தி வீட்டுத் தண்ணி இப்ப மணக்குதோ?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

உங்கள் கல்யாண மாலைகள் இரண்டும் நம் வீட்டு ஸ்வாமி அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. புது மணமக்கள் ஆடிப்பெருக்கன்று அவற்றை ஆற்றில் விட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நானும் உன் அப்பாவும் விட்டது இதே படித்துறையில்தான். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்தது, உன் அப்பாவுக்கு வேட்டி நனைந்ததுதான் பெரிய கவலை. உன்னிடம் போனில் மாலையைப் பற்றிச் சொன்னபோது, "அந்த ஆத்துலயா? திருவையாறு போயிடலாம்மா, இல்லன்னா ஒரு பக்கெட் தண்ணில விட்டுடு" என்றாய். நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆற்றை வைத்துக்கொண்டு பக்கெட்டில் மாலை விடுவதா என்று அன்று முழுக்க உன் அப்பாவைத் திட்டினேன். அவர் என்ன பாவம் பண்ணினார்?

பொங்கலுக்கு உன் மாமனாரும் மாமியாரும் சீர் கொண்டு வந்தார்கள். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தால் என்ன, வழக்கத்தை விடக் கூடாது என்று கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, மில் அரிசி மூட்டை எல்லாம் வந்து இறங்கின. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "ஆடிச்சீருக்கு மாப்ளைக்கு என்ன செய்யட்டும், ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தியம்மா. கல்யாணத்துலயே ஒண்ணும் வேணாம்னுட்டீங்க. ஒண்ணும் வேணாம்னு சொன்னா எங்களை ஒண்ணுமில்லாதவங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

நான் சீர் வாங்கக் கூடாது என்று கொள்கை பேசுகிறவள். பெண் வீட்டாரை அது இப்படிக் காயப்படுத்தும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதே நொடியில் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. மாப்பிள்ளையின் அம்மா என்ற பதவிக்கு நம் ஊரில் இருக்கிற அதிகாரம் கலெக்டருக்குக்கூடக் கிடையாது. அதை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லையே!

"கேட்டா மறுக்க மாட்டீங்களே?" என்றேன்.

"கேட்டுப் பாருங்க."

"உங்க மில்லுத் தண்ணி ஆத்துல விழக் கூடாது. நம்ம பிள்ளைங்க ஆடிப்பெருக்குக்கு வந்து இந்தப் படித்துறையில மாலையை விடணும். மூக்கைப் பொத்தாம விடணும். எனக்கு அதுதான் சீர்."

உன் மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றேன், இந்த மனுஷன் கேட்டாரா?" என்றார். மனுஷன் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். கார் கிளம்பிப் போனது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வாய்க் கொழுப்பால் உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று பயம். உன் அப்பா கரும்பைக் கடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கார் கேட்டுப் பார்த்திருக்கேன், ஆறு கேட்டு இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க நீ போன் செய்தபோதெல்லாம் நான் வழக்கத்தைவிட அதிகமாக நலம் விசாரித்தேனே, காரணம் இதுதான்.

சில நாள் கழித்து அவர் மட்டும் வந்தார், மோட்டார் சைக்கிளில். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் மழை, அறுவடை என்று பேசினார். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"சம்பந்தியம்மா, என் பொண்ணு யார் கேட்டாலும் அப்பா பிசினஸ்னுதான் சொல்லும். மில்லுன்னு சொல்லாது. சின்னதுல, ஸ்கூல்ல, அது உள்ள வந்தாலே புள்ளைங்க மூக்கைப் பொத்திக்கிட்டுக் கிண்டல் பண்ணுமாம். அதுலேருந்தே ஒரு சிநேகிதியைக்கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. அதெல்லாம் எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியாது. அந்த மில்லுலதான் அதைப் படிக்க வெச்சேன், கட்டிக் குடுத்தேன். எங்கப்பா மில்லுன்னு அது வாயால ஒரு தடவை சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

நான் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன்.

"தண்ணியைச் சுத்தம் பண்ற தொட்டி கட்டிடுறேன். ஆனா அதுக்கும் மாப்ளைக்கும் இப்ப தெரியக் கூடாது. முடியாமப் போச்சுன்னா பொண்ணு முன்னாடி நான் தோத்துப்போய் நிக்கணும்" என்றார். நீங்கள் ஆடிக்கு வந்து திரும்ப விமானம் ஏறும்வரை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆக, உன் மாமனாரும் நானும் திருட்டுத்தனமாகக் கூட்டுச் சேர்ந்தோம்.

அவர் மில்லுக்குப் பின்னால் மூன்று தொட்டிகள் கட்டினார். முதல் தொட்டியில் கசடு படியும். இரண்டாவதில் மோட்டார் வைத்து இரவும் பகலும் காற்றை ஊதுவார்கள். மூன்றாவதில் தெளிந்த தண்ணீரைத் திரும்ப மில்லுக்கே எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் தென்னைக்கு விடலாம். அதே சமயம் ஆற்றில் காவிரித் தண்ணீர் நின்று கோடை தொடங்கியிருந்தது. கோடையில்தான் ஓர் ஆற்றின் யோக்கியதை தெரியும். மேட்டூர்த் தண்ணீர் வராதபோது அதில் ஓடுவதெல்லாம் ஊர் கொண்டு வந்து கொட்டியதுதான். நாங்கள் ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துப் போட்டோம். பழைய டயர், மெத்தை, உடைந்த சாமி படம், யாரோ தொலைத்த பல்செட்டு என்று என்னென்னவோ வந்தது. பல்செட்டை மும்தாஜ் கழுவி படித்துறைச் சுவரில் வைத்து, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று சுண்ணாம்பால் எழுதிவிட்டாள். அந்தக் கோடையில் நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கிறது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதே. வைகாசியில் காற்று ஊதும் மோட்டார் புகைந்து நின்றது. தொட்டித் தண்ணீர் அழுகி, பழைய நாற்றத்தைவிடப் பெரிய நாற்றம் ஊரைத் தூக்கியது. மேற்குத் தெருக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தினார்கள். அவர் நேராக என்னிடம் வந்து கத்தினார். "தங்கமா கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்! தொட்டியை மண்ணு போட்டு மூடப் போறேன்!" எனக்கும் ஏறிவிட்டது. "மூடுங்க. ஆனா சீர் முழுசா வராம எங்க வீட்ல ஒத்துக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். வாழ்நாள் முழுக்க எந்த மாமியார்களை நான் திட்டினேனோ, அவர்களுடைய வசனம் என் வாயிலிருந்தே வந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று அவருக்கு வத்தக்குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். உனக்குச் சொல்கிறேன் மகனே, கூட உட்கார்ந்து சாப்பிட முடிகிறவர்களோடு தைரியமாகச் சண்டை போடலாம். தேன்மொழியோடும் அப்படியே. சண்டை போட்ட அன்று தனித்தனியாக மட்டும் சாப்பிடாதீர்கள்.

மோட்டாரை மாற்றினார். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்து, பக்கத்திலேயே நின்று எல்லாம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு ஒரு கோபம் வந்தது. "நான் மட்டும் கட்டி என்ன, மத்தவன் விடுறானே?" என்று மற்ற மில்காரர்களிடம் போய் நின்றார். நான் வாசலுக்கு வெளியே நின்று ஊதிய விசில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவர் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசிய பேச்சு விழுந்தது. இரண்டு பேர் கட்டினார்கள். ஒருவர் ஆடி கழியட்டும் என்று இழுக்கிறார். சாக்கடையும் இன்னும் ஓரிரு இடத்தில் ஆற்றில்தான் விழுகிறது. ஆறு முழுசாகக் குணமாகிவிட்டது என்று சிங்கப்பூரில் போய்ப் பெருமை அடிக்காதே. அந்தச் சண்டைக்கு விசிலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆனியில் தண்ணீர் வந்தது. முதல் நாள் செம்மண்ணும் குப்பையுமாக வந்தது. நாங்கள் படித்துறையில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நாலைந்து நாளில் தெளிந்தது. உன் மாமனார் ஒரு நாள் காலையில் வந்து, படியில் இறங்கி, உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்தார். நெல் வாங்கும்போது மோந்து பார்ப்பாரே, அதே முகம். "மண்ணு வாசனைதான் வருது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. உடனே உனக்குப் போன் செய்து டிக்கெட் போடச் சொன்னேன். ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைக்கும் வழக்கத்தையெல்லாம் நான் உங்களிடம் பேசவே இல்லை, கவனித்தாயா? எனக்கு வேண்டிய வழக்கத்தை மட்டும்தான் நான் பிடித்துக்கொள்வேன்.

ஆடிப்பெருக்கன்று நடந்ததில் பாதியை நீயே பார்த்தாய். படித்துறை கொள்ளாத கூட்டம், காப்பரிசி, மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. மேல்படியில் மும்தாஜ் நின்று, பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாமல் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டம் போட்டதே நான்தான். நான் ராணி மாதிரி உங்கள் மாலைகளைத் தாம்பாளத்தில் தூக்கிக்கொண்டு வருகிறேன், அவள் கையை நீட்டி மறித்துவிட்டாள். "அக்கா, இதுல சரிகை நாடா இருக்கு. அத்தனையும் பிளாஸ்டிக். விட முடியாது." வெறும் பூ நாட்டுப்புறமாக இருக்கிறது, பளபளவென்று நாடா வைத்துக் கட்டு என்று பூக்கடையில் நின்று அடம் பிடித்தவள் யார்? நானேதான். ஒரு வருஷம் ஆணியில் தொங்கிப் பூவெல்லாம் சருகாகியும் அந்த நாடா மட்டும் புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் மாமனார் வேட்டியை மடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, "குடுங்க சம்பந்தியம்மா, ஆளுக்கு ஒண்ணு பிரிப்போம்" என்றார். நாங்கள் இருவரும் பிரிக்கப் பிரிக்க நீ போட்டோ எடுத்துத் தள்ளினாய். பிறகு தண்ணீரை வீடியோ எடுக்கிறேன் என்று கீழ்ப்படிக்குப் போய்விட்டாய்.

நீ பார்க்காத பாதி இதுதான். தேன்மொழி எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பிறந்த வீட்டுக்குப் போனபோது தொட்டிகளை அவள் பார்த்திருந்தாள், அவற்றின் கதைதான் அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் படியில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "புதுப் பொண்ணா? யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். உன் மாமனார் கை அப்படியே நின்றது. என் கையும் நின்றது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்ல சத்தமாகச் சொன்னாள்.

"மேக்கால அவியல் மில்லு இருக்குல்லம்மா, தொட்டி கட்டியிருக்காங்களே, அதான். எங்கப்பா மில்லு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால், இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாக்குக் கொடுத்தது நான், காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர். இதை அவர் வாழ்நாளில் அவளிடம் சொல்ல மாட்டார். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை நீயே சத்தமாகப் படித்துக் காட்டு. அப்படியே அவரை "அங்கிள்" என்று கூப்பிடுவதையும் இன்றோடு நிறுத்து. நல்ல தமிழில் மாமா என்று கூப்பிடு. உனக்கு ஓர் ஆற்றையே சீராகக் கொடுத்த மனிதர் அவர்.

மாலை போய்ச் சேர ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று நீ கீழ்ப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாய். என் மாலையை நான் எப்போதோ பிரித்து முடித்துவிட்டேன். உன் மாமனார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் பிரித்துக்கொண்டே இருந்தார். அவர் மடியில் இருந்த மாலையில் சரிகை ஓர் இழைகூட மிச்சமில்லை.

எப்போதும் உன் பக்கம்,
அம்மா